வாழ்க்கைத் திறனுக்குத் தனி பீரியட் வேண்டாம்: ஒரு தொடக்கப்பள்ளி எங்கிருந்து தொடங்கலாம்

கேள்வி கேட்டிருப்பவர் தன் ஊர் அரசு தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு பெற்றோர். ஒன்று முதல் ஐந்து வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வாழ்க்கைத் திறன் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தலைமையாசிரியரோடு பேசி முடிவு செய்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை அதற்கு ஒதுக்கி வெளியிலிருந்து யாரையாவது வரவழைக்கலாமா, எந்த வகுப்புக்கு எதை வைப்பது என்று கேட்கிறார்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளிக்கிழமை பீரியட் வேண்டாம். தொடக்கப்பள்ளியில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு, எண்ணும் எழுத்தும் என்ற அரசின் அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டத்துக்கான பயிற்சிநூல், பிள்ளைகளின் கற்றல் அளவைப் பார்த்து அரும்பு மொட்டு மலர் என்று பிரித்த மூன்று நிலைக்கும் தனித்தனியாகப் பாடம், செயலியில் பதிவேற்றம் எல்லாம் செய்துகொண்டிருக்கும்போது புதிதாக வரும் எந்த பீரியடும் ஆகஸ்ட் தாண்டாது. தாண்டினாலும் அது என்னவாக மாறும் என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 1990களில் பத்து வாழ்க்கைத் திறன்களைப் பட்டியல் போட்டது: தன்னை அறிதல், பிறர் நிலையில் இருந்து பார்த்தல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், உணர்ச்சிகளைச் சமாளித்தல் என்று போகும். பெரியவர்கள் திட்டமிடுவதற்கு நல்ல பட்டியல்தான். ஆனால் அதைப் பீரியடாக்கினால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அந்தப் பத்துப் பெயரையும் மனப்பாடமாக ஒப்பிக்கும், பக்கத்துப் பையன் பென்சிலைப் பிடுங்கினால் என்ன செய்வது என்று மட்டும் தெரியாது.

தினமும் பள்ளியில் ஏற்கெனவே நடக்கிற வேலைகளைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். எந்த வயதில் எந்த வேலை என்பதை ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து, ஐந்து வருஷமும் விடாமல் நடத்துங்கள். நான் சொல்ல வருவது அவ்வளவுதான், மீதி எல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

சாப்பாட்டில் தொடங்குங்கள். 1982ல் சத்துணவு வந்தது, 2022 செப்டம்பரில் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கி, அடுத்த வருஷம் ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் விரிந்தது. அதாவது இன்றைக்கு அரசுப் பள்ளியில் படிக்கும் ஆறு வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு இரண்டு வேளை பள்ளியில் சாப்பிடுகிறது. வேறு எந்தப் பாடத்துக்கும் இப்படித் தினம் இரண்டு முறை பயிற்சி கிடைக்காது. நாம் அந்த நேரத்தை என்ன செய்கிறோம்? சீக்கிரம் சாப்பிடு, சத்தம் போடாதே, வரிசையில் நில் என்று விரட்டி முடித்துவிடுகிறோம்.

அதே நேரத்தை நிதானமாக நடத்திப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் மாதம் முழுக்கக் கை கழுவுவது மட்டும்தான். சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என்று இருபது வினாடி தேய்க்க வேண்டும், அந்த இருபதை எண்ணுவதே அவர்களுக்கு எண் பாடம். அடுத்தது கேட்பது. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பலர் சாம்பார் வேண்டும் என்று கேட்கத் தயங்கி வெறும் சோறாகத் தின்றுவிட்டு எழுந்துபோகும், அல்லது போதும் என்று சொல்லத் தெரியாமல் தட்டு நிறைய வாங்கிக் கொட்டிவிடும். "அக்கா, இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க", "போதும்க்கா" என்ற இரண்டு வாக்கியத்தை முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல ஒரு பிள்ளைக்குப் பழகிவிட்டால், பிறகு வயிறு வலிக்கிறது, கணக்குப் புரியவில்லை, அவன் என்னை அடிக்கிறான் என்று சொல்லவும் அதே வாய் வரும். இரண்டாம் வகுப்பில் தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பது. மூன்று, நான்கில் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுவது, முட்டை எண்ணிக் கொடுப்பது, சின்னப் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துத் தருவது. ஐந்தாம் வகுப்பில் இன்று எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று எண்ணிச் சத்துணவு அமைப்பாளரிடம் போய்ச் சொல்வது, எவ்வளவு மிச்சம் கொட்டப்பட்டது, ஏன் என்று வாரம் ஒருமுறை கூட்டத்தில் பேசுவது.

ஒரே ஒரு எச்சரிக்கை. சூடான சாம்பார் வாளி, சோற்று அண்டா, இரண்டையும் பிள்ளைகள் தூக்கவே கூடாது, ஐந்தாம் வகுப்பாக இருந்தாலும் சரி. பொறுப்புக் கொடுக்கிறோம் என்று கொதிக்கிற பாத்திரத்தைக் கையில் கொடுப்பது பொறுப்பின்மை.

அப்புறம் கூட்டிப் பெருக்குவது. இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஜப்பான் பள்ளிகளில் பிள்ளைகளே வகுப்பறையைச் சுத்தம் செய்கிறார்கள், அவர்களே சாப்பாடு பரிமாறுகிறார்கள், ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆண் பெண் எல்லோருக்கும் தையலும் சமையலும் பாடமாகவே இருக்கிறது என்று நாமும் வீடியோ பார்த்துப் பகிர்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் நம் ஊரில் துடைப்பத்துக்குச் சாதி உண்டு. யார் கையில் துடைப்பம் போகிறது, யாரைத் தண்ணீர் தூக்கச் சொல்கிறார்கள், யாரை ஒருபோதும் சொல்வதில்லை என்பதைப் பிள்ளைகள் மிக நன்றாகக் கவனிப்பார்கள். பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவ வைத்த செய்திகள் தமிழ்நாட்டிலிருந்தே திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. அதனால் விதியைத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். கழிவறை சுத்தம் எந்தப் பிள்ளைக்கும் கிடையாது, அதற்குத் தூய்மைப் பணியாளர் வேண்டும், இல்லையென்றால் ஊராட்சியிடம் கேட்டு வாங்குவது உங்கள் குழுவின் வேலை. வகுப்பறையைக் கூட்டுவது வருகைப் பதிவேட்டு வரிசைப்படி, ஒருவர் விடாமல், பையன்களும் பெண்களும் கலந்து. ஆசிரியர் பெயரும் அந்த வரிசையில் இருக்க வேண்டும், அவர் முறை வரும் நாளில் அவர் துடைப்பத்தை எடுக்க வேண்டும். தண்டனையாக யாரையும் கூட்ட வைக்கக் கூடாது. "என் பையனை ஏன் கூட்ட வைக்கிறீங்க" என்று ஒரு அப்பா வந்து நிற்பார், நிச்சயம் வருவார். அவருக்குப் பதில் சொல்ல அந்த வரிசையில் இருக்கும் ஆசிரியர் பெயரே போதும்.

எந்த வகுப்புக்கு என்ன என்று கேட்டிருந்தீர்கள். என் கணக்கில் ஒன்றாம் வகுப்பு முடியும்போது பிள்ளைக்குத் தன் முழுப்பெயர், அம்மா அப்பா பெயர், ஊர், வீட்டு போன் நம்பர் இவை தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைச் சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டுவருவது அந்தப் பத்து இலக்கம்தான். கூடவே சட்டைப் பொத்தான் போடுவது, கழிவறை போய்விட்டுத் தானே கழுவிக்கொள்வது, மூக்கைத் துடைப்பது. இரண்டில் ஷூ லேஸ் கட்டுவது, பையில் நாளைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, சாலையைக் கடப்பது. சாலையைப் பள்ளி வாசலிலேயே அழைத்துப் போய்க் கடந்து காட்டுங்கள், படத்தில் வேண்டாம். மூன்றில் கடிகாரம், தலை வாருவது, சின்னச் செய்தியைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் மாறாமல் போய்ச் சொல்லி பதில் வாங்கி வருவது. நான்கு, ஐந்தில் பொத்தான் தைப்பது, துணி மடிப்பது, காய் நறுக்குவது (கத்தியை எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டு, வெண்டைக்காயில் தொடங்கலாம்), பேருந்து நிற்குமிடம், பேருந்தின் பெயர்ப்பலகை, சில்லறை. இதில் ஒன்றுகூடப் புதிய பாடப்புத்தகம் கேட்காது. பையன்களுக்கு ஊசியும் பெண்களுக்கு ஸ்குரூ டிரைவரும் கட்டாயம் கையில் போக வேண்டும் என்பதை மட்டும் யாராவது ஒரு ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும். கவனிக்காமல் விட்டால் வேலை தானாகவே பழைய வழியில் பிரிந்துகொள்ளும்.

ஐந்தாம் வகுப்பில் இன்னொன்று. பத்து வயதிலேயே சில பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் தொடங்கிவிடுகிறது. அது வருவதற்கு முன்னால் ஒரு ஆசிரியை உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும், பள்ளியில் நாப்கினும் மாற்று உடையும் இருக்க வேண்டும். முதல்முறை ரத்தத்தைப் பார்த்துப் பயந்து நடுங்கி நிற்கும் பிள்ளைக்கு அப்போது விளக்கம் சொல்வது காலம் கடந்த வேலை.

இப்போது உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள். வாழ்க்கைத் திறன் என்றதும் எல்லோரும் தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு என்று பேசுகிறார்கள். கிராமத்துப் பிள்ளைக்கு முதல் வாழ்க்கைத் திறன் உயிரோடு இருப்பது. எனக்கு இதில் நிதானமாகப் பேச வராது, ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பேப்பரில் வரும் செய்தி அப்படி: குட்டையில் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தது, காப்பாற்றக் குதித்த அக்காவும் போய்விட்டாள், அவளைப் பிடிக்கப் போன இன்னொருத்தியும். நீச்சல் தெரிந்தால் நல்லது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சல் கற்றுத்தரச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. பக்கத்தில் பாதுகாப்பான குளமும் தெரிந்த ஆளும் இருந்தால் பெற்றோர் சம்மதத்தோடு செய்யுங்கள். இல்லாவிட்டாலும் ஒன்றை எல்லாப் பள்ளியும் செய்ய முடியும். குதிக்காதே, கத்து, எறி. மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு குளம் வரையுங்கள். ஒரு பிள்ளை உள்ளே படுக்கட்டும். கரையில் இருப்பவர்கள் பெரியவர்களைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும், மூடி போட்ட காலி பிளாஸ்டிக் கேனில் கயிறு கட்டி எறிய வேண்டும், கயிறு இல்லையென்றால் துப்பட்டா, நீளக் கொம்பு, கவிழ்த்த பிளாஸ்டிக் குடம். தான் கரையில் படுத்துக்கொண்டுதான் நீட்ட வேண்டும், நின்றுகொண்டு நீட்டினால் இழுத்துவிடும். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பருவத்துக்கும் ஒருமுறை இதைச் செய்யுங்கள், விளையாட்டு நேரத்தில் ஒரு அரைமணி போதும். பேச்சாகக் கேட்ட பிள்ளை பதற்றத்தில் குதித்துவிடும். கை பழகிய பிள்ளைதான் குடத்தைத் தேடும்.

நாய்க்கடி. பிள்ளைகள் கடியையும் கீறலையும் மறைப்பார்கள், ஏனென்றால் "நீ ஏன் நாய்கிட்ட போனே" என்று அடி விழும். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாது, ஆனால் உடனே சொன்னால் தடுத்துவிடலாம். ஆகவே இங்கே பாடம் பிள்ளைக்குப் பாதி, பெற்றோருக்குப் பாதி. பெற்றோர் கூட்டத்தில் எல்லோரையும் வாக்குக் கொடுக்க வையுங்கள்: நாய், பூனை, குரங்கு எது கடித்துவிட்டு வந்தாலும் திட்ட மாட்டோம். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது, குழாயடிக்கு ஓடு, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி, ஊசி இலவசம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. கால்மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று தெரிய, வகுப்பில் ஒரு கடிகாரத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரு நிமிஷத்தில் கழுவி முடித்துவிடுவார்கள், அதுதான் பிரச்சினை.

பாம்புக்கும் இதே முறைதான். பொந்தில் கை விடாதே, இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதே, கடித்தால் ஓடாதே, கட்டுப் போடாதே, கீறாதே, உடனே பெரியவர்களிடம் சொல், கடித்த காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ, 108.

தொடுதல் பற்றிய பாடம். எல்லாப் பள்ளியிலும் இப்போது நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று படம் ஒட்டியிருக்கிறார்கள், சரி. ஆனால் பிள்ளைக்குச் சில தொடுதல் நல்லதா கெட்டதா என்று புரியாது, கூசும், அல்லது செய்பவர் பிடித்த மாமாவாக இருப்பார். அதனால் விதியாகச் சொல்வது தெளிவு. உள்ளாடை மறைக்கும் இடத்தை யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. டாக்டர் பார்க்க வேண்டுமென்றால் அம்மாவோ அப்பாவோ கூட இருப்பார்கள். அம்மாவிடம் சொல்லாதே என்று யார் ஒரு ரகசியம் சொன்னாலும் அதை உடனே சொல். முதலில் கேட்டவர் நம்பவில்லை என்றால் இன்னொருவரிடம் சொல், அவரும் நம்பவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. நம்பர்களைப் பாட்டாக்கிக் காலை வணக்கக் கூட்டத்தில் பாட விடுங்கள். அதே சமயம் ஆசிரியர்களுக்கும் சமையல் உதவியாளர்களுக்கும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012ல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் விடுவது குற்றம். பள்ளிப் பெயர் கெட்டுவிடும் என்று உள்ளுக்குள் பேசி முடிப்பதற்கு இடமே இல்லை. பிள்ளை தைரியமாக வந்து சொன்ன பிறகு பெரியவர்கள் மூடி மறைத்தால், நாம் சொல்லிக்கொடுத்த அத்தனையும் அந்தப் பிள்ளைக்குப் பொய்யாகிவிடும்.

சண்டை, கோபம், அழுகை இவற்றுக்கு வருகிறேன். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018ல் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் என்று கொண்டுவந்து தினமும் ஒரு வகுப்பு நேரம் ஒதுக்கினார்கள், தேர்வு கிடையாது என்று வைத்தார்கள். தேர்வு இல்லாதது மிகச் சரியான முடிவு, நீங்களும் மதிப்பெண், நட்சத்திரம், சிறந்த மாணவர் பரிசு எதையும் இதில் கொண்டுவராதீர்கள். நேரம் ஒதுக்க ஆசிரியர் இல்லாத இடத்தில் நான் சொல்வது எளிய வழி. சண்டை வந்தால் இரண்டு பேரும் நிற்க வேண்டும், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, முடித்ததும் மற்றவர் "அவன் என்ன சொன்னான்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் தன் கதை. தீர்ப்பு சொல்ல ஆசிரியர் அவசரப்படக் கூடாது. திருப்பிச் சொல்லும்போதே பாதிச் சண்டை கரைந்துவிடும், நிறையப் பார்த்திருக்கிறேன். நான்காம் வகுப்பு வந்ததும் சின்ன வகுப்புச் சண்டைகளைப் பெரிய பிள்ளைகளே இப்படி உட்கார்ந்து கேட்பார்கள். ஈராசிரியர் பள்ளியில் பெரியதும் சின்னதும் ஒரே அறையில் இருப்பதைக் குறையாகவே பேசுகிறோம், இந்த விஷயத்தில் அது பெரிய வசதி.

ஆனால் பிள்ளையைக் கோபத்தை அடக்கச் சொல்லிவிட்டு ஆசிரியர் ஸ்கேலை எடுத்தால் எதுவும் நிற்காது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மேலாண்மைக் குழு ஆசிரியரை விரோதமாகப் பார்க்காமல் இதைப் பேச முடியும், பேசத்தான் வேண்டும். "நல்லா அடிச்சு வளர்த்துங்க சார்" என்று பெற்றோர் கொடுக்கும் அனுமதியையும் முதலில் திரும்ப வாங்குங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. வருஷம் இரண்டு முறை பள்ளியிலேயே சந்தை. வீட்டில் விளைந்த கீரை, முருங்கைக்காய், எலுமிச்சை, கொழுக்கட்டை, பிள்ளைகளே விலை வைத்து விற்று, வாங்கி, மிச்சச் சில்லறை கொடுத்து, மாலையில் லாபக் கணக்கு எழுதட்டும். நிஜப் பணம்தான் வேண்டும், காகிதத்தில் வெட்டிய விளையாட்டு நோட்டு வேண்டாம். முன்பு பள்ளிகளில் சஞ்சாயிகா என்ற மாணவர் சேமிப்புத் திட்டம் இருந்தது, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இப்போதும் பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே தபால் நிலையத்தில் சேமிப்புக் கணக்கு வைத்து நடத்தலாம், ஐந்தாம் வகுப்பை ஒருநாள் அங்கே அழைத்துப் போய்ப் படிவத்தை அவர்களே நிரப்பச் செய்தால் தமிழ்ப் பாடமும் அதில் அடங்கிவிடும். அதேபோல உப்பு சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தம்பிக்கு வயிற்றுப்போக்கு என்றால் வீட்டில் கலந்து கொடுக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அளவைகள் பாடம் தனியாக நடத்த வேண்டியதில்லை.

வெளியிலிருந்து ஆள் கூப்பிடுவது பற்றி: பேச்சாளர் வேண்டாம். ஊரில் இருக்கும் செவிலியர், தையல்காரர், எலக்ட்ரீஷியன், தீயணைப்பு நிலையத்தார், இவர்கள் வந்து கையில் செய்து காட்டிவிட்டுப் பிள்ளைகளையும் செய்ய வைத்தால் போதும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஆசிரியர்கள், அமைப்பாளர், நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒரே ஒரு சார்ட் போடுங்கள். வகுப்புக்கு ஆறு வேலைக்கு மேல் எழுதாதீர்கள், எழுதினால் எதுவும் நடக்காது. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் அது நாளின் எந்த நேரத்தில் நடக்கும் என்று எழுதுங்கள், நேரம் எழுத முடியாத வேலையை அடித்துவிடுங்கள். பெற்றோருக்கு அந்தச் சார்ட்டை வாசித்துக் காட்டி, பள்ளியில் பிள்ளை தானே செய்யும் வேலையை வீட்டில் நீங்கள் செய்து கொடுக்காதீர்கள் என்று கேளுங்கள். இதில் பாட்டிமார்தான் கடைசிவரை மசிய மாட்டார்கள், அவர்களையே ஒருநாள் பள்ளிக்கு அழைத்து, பேரன் தட்டுக் கழுவுவதையும் லேஸ் கட்டுவதையும் பார்க்க விடுங்கள். ஏப்ரலில் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் இருந்து யாராவது இரண்டு பேரைக் கூப்பிட்டு, கேனைக் கையில் கொடுத்து எறியச் சொல்லுங்கள், கரைசலைக் கலக்கச் சொல்லுங்கள், ஒரு சட்டையில் பொத்தானைத் தைக்கச் சொல்லுங்கள். எது வரவில்லையோ, அடுத்த வருஷச் சார்ட்டில் அதை ஒரு வகுப்பு முன்னாலேயே தொடங்கிவிடுங்கள்.